டாக்ரோலிமஸ் ரத்த சாம்பிளை வெளியூர் லேபுக்கு அனுப்புவது எப்படி

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தை எடுத்து வெளியூர் லேபுக்கு கூரியரில் அனுப்புகிற கலெக்‌ஷன் சென்டர்களில் எப்போதும் இருக்கும் பயம், வழியிலேயே மருந்து கெட்டுவிடுமோ என்பதுதான். மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்துதான் டாக்ரோலிமஸ், ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த சாம்பிள். அது அவ்வளவு லேசில் கெடாது. ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ போட்ட ஊதா மூடி டியூபில் முழு ரத்தமாக இருந்தால் அறை வெப்பத்தில் ஓரிரு நாள் கடந்தாலும் தாங்கும், ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் ஒரு வாரம் தாராளமாக வைக்கலாம். இதே வேலைக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினும் ஏறக்குறைய அப்படியே. அதே வகையைச் சேர்ந்த சிரோலிமஸ்தான் கொஞ்சம் நோஞ்சான், சூடும் வெளிச்சமும் அதற்கு ஆகாது, எடுத்த உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சாம்பிள் வீணாவது பெரும்பாலும் கூரியருக்கு முன்பே. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தவரிடம் ரத்தம் எடுத்தால் மருந்து அளவின் எண் எகிறித்தான் வரும். முந்தைய மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, அடுத்ததைப் போடும் முன் எடுக்க வேண்டும் (நாளுக்கு ஒருமுறை போடும் வகை என்றால் 24 மணி நேரம்). கடைசி மாத்திரை நேரம், ரத்தம் எடுத்த நேரம், இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள். மருந்தை ட்ரிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தால் அந்த லைனிலிருந்து எடுக்கவே கூடாது, பிளாஸ்டிக் குழாயில் ஒட்டியிருக்கும் மருந்தும் சேர்ந்து வந்துவிடும். மற்ற கையில் குத்துங்கள்.

எடுத்ததும் டியூபை மெதுவாக 8, 10 தடவை தலைகீழாகத் திருப்புங்கள், குலுக்க வேண்டாம். திருப்பாமல் விட்டால் உள்ளே பொடிக்கட்டி விழும், லேபிலிருந்து ‘க்ளாட் ஆகிவிட்டது, மறுபடி அனுப்புங்கள்’ என்று போன் வரும். பழக்கதோஷத்தில் சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழற்றி அணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரித்துவிடாதீர்கள். இந்த மருந்தில் பெரும்பங்கு சிவப்பணுவுக்குள்தான் இருக்கிறது, பிளாஸ்மாவை மட்டும் அனுப்பினால் ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டும்.

லேபில் இருப்பவர்களுக்கும் இதே காரணத்தால் ஒரு வேலை உண்டு. ஃப்ரிட்ஜில் நின்ற டியூபில் அணுக்கள் அடியில் கருஞ்சிவப்பாகப் படிந்து, மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். அடியில் திட்டு துளிகூட இல்லாமல் கலக்கிய பிறகே பிப்பெட்டை இறக்குங்கள். மேலாக உறிஞ்சினால் அளவு குறைவாக வரும், அதைப் பார்த்து டாக்டர் டோஸைக் கூட்டுவார், கூடுதல் டாக்ரோலிமஸ் அடிப்பது புதுச் சிறுநீரகத்தையே.

வாரக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள். உறைந்து உருகினால் அணுக்கள் உடையும். மருந்து அளவுக்கு அது பிரச்சினையில்லை, ஆனால் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) பார்க்க முடியாது, அதற்குத் தனி டியூப் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபினோலேட் மட்டும் இதற்கெல்லாம் நேர்மாறு, அதைப் பிளாஸ்மாவில்தான் பார்ப்பார்கள். வெளியில் போட்டு வைத்தால் அதன் வளர்சிதைப் பொருள் ஒன்று உடைந்து மறுபடி மருந்தாகி எண்ணைக் கூட்டிக் காட்டும், அதனால் சீக்கிரம் பிரித்துக் குளிரில் வையுங்கள். இரண்டும் எழுதியிருந்தால் டியூபும் இரண்டு.

அப்புறம், நோயாளிகளுக்கு ஒன்று: லேபுக்கு லேப் அளக்கும் முறை மாறும், எண்ணும் மாறும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.