நாரி நோகாமல் வண்டி ஓட்ட: சாரதி சீட்டைச் சரிசெய்யும் முறை

திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பஸ்ஸோ லொறியோ, ஆறு மணித்தியாலம் சீட்டில்தான். நாரி நோவு வந்தால் எல்லோரும் ரோட்டைத்தான் திட்டுவார்கள். ரோட்டைத் திருத்துவது நம் கையில் இல்லை, சீட் இருக்கிறது.

செக்கனுக்கு 4 முதல் 6 தடவை வரும் அதிர்வுக்கு முள்ளந்தண்டு அதிகமாக ஆடும். பெரிய வண்டிகளின் சீட்டில் அந்த அளவு அதிர்வு சாதாரணம். அதோடு கூனிக்கொண்டும் இருந்தால் நாரியின் உள்வளைவு தட்டையாகி, எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளின் பின்பக்கம் இழுபடும்.

முதலில் ஒன்று: கால் பலமிழக்கிறது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.

1. பின் பொக்கெட்டில் உள்ள பேர்ஸை எடுத்து டாஷ்போர்டில் வையுங்கள். அது இடுப்பை ஒரு பக்கம் சரித்து, காலுக்குப் போகும் நரம்பையும் அழுத்தும்.

2. சீட்டின் மூலைவரை பின்தள்ளி இருந்து, கிளட்சை அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால் நேராக நீண்டால் சீட் தூரம். டவுனுக்குள் ஒவ்வொரு மிதிக்கும் இடது இடுப்பு முன்னே வழுக்கி, முதுகு சாய்வை விட்டுவிடும். உயரத்தை மாற்ற முடிந்தால், இடுப்பு முழங்காலுக்குச் சமமாக அல்லது சற்று மேலே இருக்கட்டும்.

3. சாய்வு 100 முதல் 110 பாகை. விறைப்பாக 90 பாகையில் இருப்பதுதான் நல்லது என்பார்கள், அது பிழை. கொஞ்சம் சாய்ந்தால் தட்டுகளின் மேலுள்ள அழுத்தம் குறையும். கார், வேனில் முதுகை எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். பஸ் ஸ்டியரிங்குக்கு இந்தச் சோதனை சரிவராது. அதில் இரண்டு பக்கமும் பிடிக்கும்போது முழங்கை மடிந்திருந்தால் போதும்.

4. இதுதான் முக்கியமான வேலை. குளிக்கிற துவாய் ஒன்றை நீளவாக்கில் மடித்து, 8 சென்ரிமீற்றர் தடிப்பு வரும்வரை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் றப்பர் வளையம் போடுங்கள். பெல்ட் கட்டும் மட்டத்தில், சீட்டுக்கும் நாரிக்கும் இடையில் குறுக்காக வையுங்கள். மேலே ஏறினால் விலா எலும்பைத் தள்ளும், கீழே இறங்கினால் இடுப்பை முன்னே தள்ளும். அரை மணித்தியாலத்தில் ஒரே இடத்தில் குத்தினால் ஒரு சுற்றைக் கழற்றிவிடுங்கள். மென்மையான ஸ்பொஞ்ச் குஷன் வாங்கி அதன்மேல் இருப்பது வீண்செலவு. இடுப்பு புதைந்து கூன் இன்னும் கூடும். மணி கோர்த்த கவர் வியர்வைக்கு நல்லது, நாரிக்கு ஒன்றும் செய்யாது.

5. நிமிர்ந்து இருந்தபடி நடுக்கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். ஓடும்போது பின்பக்கம் சரியாகத் தெரியவில்லையா? நீங்கள் கூனிவிட்டீர்கள். கண்ணாடியைத் திருப்பாமல் முதுகை நிமிர்த்துங்கள்.

6. ஹபரணையில் ஒன்று, குருநாகலில் ஒன்று என்று இறங்குங்கள். இரண்டு நிமிடம் நடந்து, கைகளை நாரியில் ஊன்றி ஐந்து தடவை மெதுவாகப் பின்னால் வளையுங்கள். பிளேன்டீயை நின்றே குடிக்கலாம்.

சீனன்குடாவில் மாவும் சீமெந்தும் ஏற்றும் லொறிக்காரருக்கு நோவு பெரும்பாலும் ஓட்டும்போது தொடங்குவதில்லை, போய்ச் சேர்ந்து மூட்டையைத் தொட்டவுடன்தான். நெடுநேரம் இருந்து எழும்பினால் நாரியின் தசைநார்கள் சில நிமிடங்களுக்குத் தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் குனிந்து 50 கிலோ சீமெந்துப் பையைத் தூக்கினால் தட்டுகளில் பாரம் கூடுதலாக விழும். பத்து நிமிடம் நடந்து, தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பிறகு தொடுங்கள். கபினிலிருந்து குதிக்கவும் வேண்டாம். வண்டியைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்துப் படிப்படியாக இறங்குங்கள்.

ஓட்டோவில் நகர்த்த ஒன்றுமில்லை. துவாய்ச் சுருள் அதற்கும் பொருந்தும், ஆனால் கெடுப்பது வேறு: பின்னால் இருப்பவரோடு பேச உடம்பைத் திருப்புவது. குலுக்கத்தோடு முறுக்கும் சேர்ந்தால் தட்டுகளுக்கு இரட்டை அடி. கண்ணாடியில் பார்த்தே பேசுங்கள். டயருக்குக் கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் காற்று அடித்தால் ஒவ்வொரு குழியும் நேரே நாரிக்கு வரும். வண்டியை ஒரு பக்கம் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் துள்ளினால் ஷொக் அப்சோபர் முடிந்துவிட்டது, மாற்றுங்கள்.