மஞ்சள் வாயனைப் பிழைக்க வைப்பது எப்படி

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் தாய்மாமா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். 1991-ல் நான் எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கடைக்குப் போய், காசை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் கொடுப்பது என் வேலை. மாமா ஆடக்கூடாது என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளை குச்சியைப் பிடித்தால் கடையே திரும்பிப் பார்க்கும் என்ற கூச்சத்தில் நானே போகவில்லை. இரண்டு வருடம் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடையில் இருந்தது பேக்மேன் ஆட்டம்: மஞ்சள் வாயன் ஒருவன் பாதைகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்பான், நான்கு பேய்கள் அவனைத் துரத்தும். ஆடுகிற பையன்களுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள் வாயன் மேல். எனக்குக் காப்பாற்ற உயிர் எதுவும் இல்லாததால் பேய்களைக் கவனித்தேன்.

பேக்மேன் ஆட்டத்தைப் பெண்களும் விரும்பி ஆட வேண்டும் என்று நினைத்தே 1980-ல் ஜப்பானில் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவதானி உருவாக்கினார். இது எனக்குத் தெரிய வந்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது.

இப்போது அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவனிடம் சொன்ன அதே வரிசையில் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் விஷயம் குச்சி. அசல் பெட்டியில் இருப்பது நான்கு திசை மட்டும் அசையும் ஜாய்ஸ்டிக். மாமா வாங்கிய பெட்டியில் எவரோ எட்டுத் திசைக் குச்சியை மாட்டியிருந்தார்கள். முனையில் திருப்பினால் குச்சி மூலைவாட்டில் போய் நிற்கும், வாயன் திரும்பாமல் நேரே போய்ப் பேயின் மடியில் விழுவான். எத்தனையோ பையன்கள் தங்கள் கையைத் திட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் வீட்டில் ஆடுவதானால் நான்கு திசைப் பொத்தான்கள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தொடுதிரையில் விரலை இழுத்து ஆடுவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

அடுத்து, முனை வருவதற்கு முன்பே குச்சியைத் திருப்பிப் பிடியுங்கள். வாயன் மூலையைச் சற்றுக் குறுக்கே வெட்டித் திரும்புவான். பேய்களால் அது முடியாது. ஒவ்வொரு முனையிலும் இப்படி ஓர் இம்மி மிச்சம் பிடிக்கலாம். புள்ளி தின்னும்போது வாயன் கொஞ்சம் மெதுவாகிறான் என்பதையும் மறக்காதீர்கள். முதல் லெவலில், புள்ளி நிறைந்த பாதையில் பேய் அவனைவிட வேகம். தின்று முடித்த வெறும் பாதையில் அவன் பேயைவிட வேகம். ஆகவே துரத்தும்போது தின்றுகொண்டே ஓடாதீர்கள், காலிப் பாதைக்கு ஓடுங்கள். இரண்டு பக்கமும் உள்ள சுரங்கத்தில் பேய்கள் நத்தையாகிவிடும், வாயனுக்கு அந்தத் தடை இல்லை.

இனி பேய்கள். என் இரண்டு வருடப் படிப்பு இதில்தான் இருக்கிறது.

சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் இடத்தையே குறிவைத்து வரும். கடன் கொடுத்தவன் மாதிரி. புள்ளிகள் குறையக் குறைய அதன் வேகம் கூடும். முதல் லெவலில் கடைசி இருபது புள்ளி இருக்கும்போது வித்தியாசம் தெரியும்.

இளஞ்சிவப்பு வேறு ரகம். அது உங்கள் முகம் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கிறது. மேலமாசி வீதியில் ஒருவனைப் பிடிக்க வேண்டுமானால் பின்னாலேயே ஓடுகிறவன் ஒருவன், சந்துக்குள் புகுந்து வடக்குமாசி வீதி முனையில் போய் நிற்கிறவன் இன்னொருவன் இல்லையா? இவள் இரண்டாவது ரகம். இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. எதிரே கிட்டத்தில் வந்தால் ஓடாமல் அவளை நோக்கியே திரும்புங்கள். அவள் குறிவைக்கும் இடம் அவளுக்கே பின்னால் போய்விடும். நடுவில் ஒரு கிளைப்பாதை இருந்தால் அதில் திரும்பிப் போய்விடுவாள். கிளை இல்லாவிட்டால் செத்தீர்கள்.

நீலப் பச்சையின் கணக்கில் சிவப்புப் பேய் நிற்கும் இடமும் சேர்கிறது. சிவப்பு உங்கள் அருகில் இருந்தால் இதுவும் அருகில் வரும், சிவப்பு தூரத்தில் இருந்தால் எங்கேயோ அலையும். ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்வரை துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் மனம் மாறி இடது கீழ் மூலைக்குப் போய்விடும். அது நடுவில் உள்ள பேய்க் கூண்டை விட்டுக் கடைசியாகத்தான் வெளியே வரும் என்பதால், அந்த மூலையை முதலிலேயே தின்று முடித்துவிடுவது என் வழக்கம்.

நான்கு பேயும் ஒரே நொடியில் திரும்பி எதிர்த்திசையில் போவதைப் பார்த்திருப்பீர்கள். பயந்துகொண்டு ஓடுவதாகப் பையன்கள் சொல்வார்கள். அது ஓய்வு நேரம். முதல் லெவலில் ஏழு நொடி அவரவர் மூலைக்குப் போகும், இருபது நொடி துரத்தும், மறுபடி ஏழு. பிறகு ஓய்வு ஐந்து நொடியாகக் குறையும். நான்கு ஓய்வு முடிந்தால் அந்த லெவலில் இனி ஓய்வே இல்லை. கடினமான இடங்களை இந்த ஓய்வில் தின்னுங்கள்.

பெரிய புள்ளிக்கு வருவோம். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு ஆறு நொடிக்குப் புலியாகிவிட்டால் எப்படி இருக்கும்? முதல் லெவலில் நடப்பது அதுதான்: பெரிய புள்ளியைத் தின்றதும் பேய்கள் நீலமாகும், வாயன் அவற்றைத் தின்னலாம். அவசரப்பட்டுத் தின்றுவிடாதீர்கள். பக்கத்தில் நின்று, பேய்கள் கூட்டமாக நெருங்கும்வரை காத்திருங்கள். ஸ்கோர் முதல் பேய்க்கு 200, அடுத்தடுத்து 400, 800, 1600. நான்கையும் தின்றால் 3000. ஒரு லெவலின் 244 புள்ளிகளை முழுதாகத் தின்றாலும் மொத்தம் 2600 தான். கூண்டுக்குக் கீழே வரும் செர்ரிக்கு 100. அதற்காக உயிரை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே போகப் போக நீல நேரம் குறையும். 19-வது லெவலிலிருந்து பேய்கள் நீலமாவதே இல்லை.

வாயன் புறப்படும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மேலே ஏறும் பாதைகள் உண்டு. நீல நேரம் தவிர மற்ற நேரத்தில் பேய்கள் அங்கே மேல்நோக்கித் திரும்பா. நீங்கள் ஏறினால் அவை சுற்றித்தான் வர வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பங்குனி முழுவதும் ஆயிற்று.

நான் முதன்முதலில் ஆடியது ஒரு மாலை. பருத்திப்பால் வண்டி வந்து பையன்கள் வெளியே போயிருந்தார்கள். மாமா ஒரு டோக்கனை என் பக்கம் உருட்டிவிட்டு, பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் பார்த்ததெல்லாம் தலையில் இருந்தது, கையில் எதுவும் இல்லை. மூன்றாவது முனையில் குச்சி மூலைவாட்டில் போக, சிவப்பு வந்து பிடித்தது. மாமா பேப்பரை இறக்காமல் இன்னொரு டோக்கனை உருட்டினார்.

கடைசியாக ஒன்று. அசல் பெட்டியில் மின்சாரம் போனால் அதிகபட்ச ஸ்கோரும் போய்விடும். மாமா ஒன்பதரைக்கு மெயினை அணைப்பதற்கு முன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பார். என்னுடைய 18,640 அதில் ஐஸ் கடைக்காரர் பாக்கிக்குக் கீழே இருக்கிறது. நீங்களும் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள், தேதியோடு.