ஆர்டிஎஸ் தரவுத்தளம்: வட்டு வேகத்தையும் ஃபெயில்ஓவரையும் சரிசெய்யும் முறை

அமேசானின் மேகத் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இயங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் காலையில் விரைவாகவும் பிற்பகலில் தள்ளாடியும் இயங்கினால், பெரிய சர்வருக்குப் பணம் கட்டுவதற்கு முன் வட்டைச் சோதிக்க வேண்டும். முதல் இரண்டு படிகள் அதற்கானவை; அடுத்த இரண்டும் ஃபெயில்ஓவருக்கானவை, அதாவது சர்வர் விழுந்தால் மாற்றுச் சர்வர் தானாகப் பொறுப்பேற்பதற்கானவை.

படி 1: அளத்தல்

பழைய ஜிபி2 (gp2) வகை வட்டின் வேகம் கொள்ளளவைப் பொறுத்தது. ஒரு ஜிகாபைட்டுக்கு (ஜிபி) 3 ஐஓபிஎஸ், அதாவது நொடிக்கு மூன்று வாசிப்பு அல்லது எழுத்துச் செயல்கள் என்பது கணக்கு. ஆகவே 100 ஜிபி வட்டுக்கு உரியது 300 மட்டுமே. எனினும் அது 54 லட்சம் செயல்கள் வரை சேர்த்து வைத்திருக்கும் இருப்பைச் செலவழித்து 3,000 வரை ஓடும். நொடிக்கு 3,000 செலவும் 300 வரவுமாக, முழு இருப்பும் 2,000 நொடிகளில் தீர்ந்துவிடும். அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்ச்சில், இந்த இருப்பைக் காட்டும் 'பர்ஸ்ட் பேலன்ஸ்' பூஜ்யத்தைத் தொடும் நேரமும் பயனர்கள் முறையிடும் நேரமும் ஒத்துப்போனால் காரணம் தெரிந்துவிட்டது. இருப்பு குறையாமலே தாமதம் நேர்ந்தால், இண்டெக்ஸ் (தரவை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத வினவல்களைத் தேடுவதே பயன் தரும்.

படி 2: புதிய ஜிபி3 (gp3) வகை வட்டுக்கு மாறுதல்

ஆர்டிஎஸ்ஸில் தரவுத்தள அமைப்புகளை மாற்றும் 'மாடிஃபை' பக்கத்தில் வட்டு வகையை மாற்றலாம். போஸ்ட்கிரெஸுக்கு, 400 ஜிபிக்குக் குறைவான ஜிபி3 வட்டில் 3,000 ஐஓபிஎஸ் எப்போதும் கிடைக்கும். கொள்ளளவு 400 ஜிபியை எட்டினால், தரவு நான்கு வட்டுகளில் பரப்பப்படுவதால், 12,000 கிடைக்கும். ஆனால் சிறிய சர்வரால் அவ்வளவு வேகத்தை வாங்கிக்கொள்ள முடியாது. சர்வரின் உச்ச வரம்பையும் பார்த்துவிடுங்கள். கூட்டிய கொள்ளளவை அதே இடத்தில் குறைக்க வழியில்லை, அடுத்த வட்டு மாற்றத்துக்கும் குறைந்தது 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், அவசரப்பட்டு எண்ணைத் தட்டாதீர்கள்.

படி 3: மல்டி-ஏஇசட்

இதே 'மாடிஃபை' பக்கத்தில் மல்டி-ஏஇசட் வசதியை இயக்கினால், மும்பை போன்ற ஒரு பிராந்தியத்தின் வேறொரு மண்டலத்தில் (தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதியில்) மாற்றுச் சர்வர் ஒன்று உருவாகி, ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இடங்களிலும் பதிந்த பிறகே உறுதி செய்யப்படும். இதனால் எழுதும் நேரம் சற்றுக் கூடும்; கட்டணமும் ஏறக்குறைய இரு மடங்காகும். இயக்கும் வேலையைப் போக்குவரத்து குறைந்த இரவில் செய்வது நல்லது. மாற்றுச் சர்வர் ஒன்றே உள்ள இந்த அமைப்பில், அதிலிருந்து தரவை வாசிக்க இயலாது. தவறாக ஓட்டிய 'டெலீட்' கட்டளையும் உடனே அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், தானியங்கிக் காப்பு நகலை நிறுத்திவிடக் கூடாது.

படி 4: வேண்டுமென்றே விழச் செய்தல்

பலர் தவிர்க்கும் படி இதுவே. முதலில் சோதனைத் தரவுத்தளத்தில், 'ரீபூட்' செய்யும்போது ஃபெயில்ஓவர் தெரிவையும் குறியிடுங்கள். மாற்றம் பொதுவாக 60 முதல் 120 நொடிகளில் முடியும். இணைப்பு முகவரியின் பெயர் மாறாது. அது சுட்டும் ஐபி மட்டுமே மாறும். ஆகவே செயலியில் ஐபியை நேரடியாக எழுதியிருந்தாலோ, ஜாவா செயலி பழைய டிஎன்எஸ் விடையை (பெயருக்கு உரிய ஐபி எது என்ற பதிலை) நெடுநேரம் நினைவில் வைத்திருந்தாலோ, தரவுத்தளம் எழுந்த பிறகும் செயலி இறந்தே கிடக்கும். அந்த நினைவுக் காலத்தை 60 நொடிக்குள் வைத்து, அறுந்த இணைப்புகளைக் கனெக்‌ஷன் பூல் (செயலி திறந்து வைத்திருக்கும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு) தானாகப் புதுப்பிக்கிறதா என்று பார்த்து, செயலி மீள எடுத்த நொடிகளைக் குறித்துக்கொண்ட பின்னரே உண்மைத் தரவுத்தளத்தில் இதைச் செய்ய வேண்டும்.