டோனி க்வின் மாதிரி அடிக்க ஆசைப்படுபவர்கள் செய்யும் தவறுகள்

வசந்தம் வந்து மைதானத்தில் புல் வெட்டியதும் எங்கள் பேஸ்பால் பயிற்சிக்குப் புதிதாக நாலைந்து பேர் வந்து சேர்வார்கள். அதில் ஒருவராவது டோனி க்வின் வீடியோ பார்த்துவிட்டு வந்திருப்பார். "கோச், இவர் ஸ்ட்ரைக்அவுட்டே ஆக மாட்டாராமே? எனக்கும் அதையே சொல்லிக் குடுங்க."

அடிக்கத் தவறிய பந்தும், அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்தும் விட்ட பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் ஸ்ட்ரைக்அவுட். ஆசையில் தப்பில்லை. 1982 முதல் 2001 வரை 20 சீசனும் சான் டியேகோ பாட்ரேஸ் என்ற ஒரே அணிக்காக ஆடிய இடது கை பேட்டர். 3,141 ஹிட், அதாவது அடித்துவிட்டு ஓடி, பேஸ் என்ற ஓட்ட முனையை அவுட் ஆகாமல் சேர்ந்த தடவைகள். வாழ்நாள் சராசரி .338, ஆயிரத்துக்கு 338 ஹிட் என்ற கணக்கு. அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒரு பிரிவான நேஷனல் லீகில் எட்டு முறை அதிக சராசரிக்கான பட்டம். பத்தாயிரம் தடவைக்கு மேல் தட்டுக்கு, அதாவது பேட்டர் நின்று அடிக்கும் இடத்துக்கு வந்தவர், ஸ்ட்ரைக்அவுட் ஆனது மொத்தமே 434 தடவை. நூற்றுக்கு நாலு சொச்சம். இன்றைய மேஜர் லீகில் அது நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிட்டது. பந்து எறியும் பிட்சர்களில் கிரெக் மேடக்ஸ் என்றால் அந்தக் காலத்துப் பேட்டர்களுக்குச் சிம்ம சொப்பனம். அவரை 107 தடவை எதிர்கொண்டும் க்வின் ஒருமுறைகூட ஸ்ட்ரைக்அவுட் ஆகவில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த எண்களிலிருந்து புதியவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் பெரும்பாலும் தலைகீழ். நான் ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட அதே பாடம்தான், அதனால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. பந்தைப் பார், தலையை ஆட்டாதே, முட்டியை மடக்கு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல எல்லா வேலிக்குப் பின்னாலும் ஒரு மாமா நிற்கிறார்.

பேட்டை அளவு பார்க்காமல் வாங்குவது

க்வின் கையில் இருந்தது சின்ன பேட். எடை ஏறக்குறைய 31 அவுன்ஸ்தான். இதைக் கேட்டதும் ஆட்கள் கடைக்குப் போய் இருப்பதிலேயே லேசான பேட்டை வாங்கி வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஜோ சூவெலைப் பற்றிச் சொல்வேன். 1925-இல் கிளீவ்லாண்டுக்கு ஆடியபோது 608 அட்-பேட்டில் (அடிக்க வந்த தடவைகளின் கணக்கு) நாலே நாலு ஸ்ட்ரைக்அவுட் ஆனவர். அவர் வைத்திருந்ததோ 40 அவுன்ஸ் தடி, ஒரு கிலோவுக்கு மேல். ஒருவருக்குச் சின்னது, இன்னொருவருக்குக் கனமானது, இரண்டு பேருமே பந்தைத் தவறவிடவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, கிளம்பிய ஸ்விங்கைப் பாதி வழியில் பிடித்து நிறுத்த உங்களால் முடிகிறதா என்பதுதான். முடியவில்லையா, அந்த பேட் உங்களுக்குக் கனம்.

தொட்டால் போதும் என்று ஆடுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, ஆகவே கொஞ்சம் நீளமாகவே போகும்.

போன சீசனில் ஒரு ஆட்டம். எங்கள் பக்கம் ஒரு அவுட் ஆகியிருந்தது. முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். தட்டுக்கு வந்தவன் பன்னிரண்டு வயதுப் பையன், நல்ல கை அவனுக்கு. பிட்சர் தடுமாறிக்கொண்டிருந்தான். முதல் இரண்டு பந்தும் வெளியே போயிற்று, இரண்டும் பால், அதாவது எல்லைக்கு வெளியே வந்து பேட்டர் அடிக்காமல் விட்டவை. நாலு பால் சேர்ந்தால் வாக், பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். அடுத்த பந்தை அவன் நடுவில் போட்டே ஆக வேண்டிய கட்டாயம். இந்த நேரம் பார்த்து வேலிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "தொட்டா போதும்டா! தொட்டா போதும்!"

மூன்றாவது பந்து கணுக்கால் உயரத்தில், தட்டுக்கு ஒரு சாண் வெளியே வந்தது. பையன் இடுப்பை வளைத்து, கையை முழுக்க நீட்டி, பேட் நுனியால் அதைத் தொட்டான். சொன்னபடியே தொட்டான். பந்து உருண்டு பிட்சர் கைக்குப் போனது. பிட்சர் இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போக, டபுள் பிளே. மூன்று அவுட் ஆகிவிட்டதால் இன்னிங்ஸ் முடிந்தது. மூன்றாம் பேஸில் நின்றவன் அப்படியே நடந்து திரும்பினான். அப்பா கை தட்டினார். "பரவால்ல கண்ணா, ஸ்ட்ரைக்அவுட் ஆகலையே!"

ஆகியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பந்தை விட்டிருந்தால் மூன்று பால், பூஜ்யம் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கையும் சும்மா நின்று வாங்கியிருந்தால்கூட இரண்டாவது அவுட்தான். மூன்றாம் பேஸில் ஆள் இருக்க, அடுத்த பேட்டர் வந்திருப்பான். தொட்டதால் ஒரே பந்தில் இரண்டு அவுட்.

நம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று யோசித்தால், கிரிக்கெட்தான் காரணம். அங்கே விக்கெட்டைக் காப்பாற்றுவதே ஒரு கலை. பந்தைக் காலடியில் செத்து விழச் செய்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம், ஓட வேண்டிய அவசியமில்லை. பேஸ்பாலில் அந்த வசதி கிடையாது. கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்து எதுவானாலும் பேட்டைப் போட்டுவிட்டு 90 அடி ஓடியாக வேண்டும், அதுவும் பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர்வதற்குள். காலடியில் செத்து விழுந்த பந்து இங்கே எதிரணிக்குக் கொடுத்த அன்பளிப்பு. கிரிக்கெட்டில் நன்றாகத் தடுப்பாட்டம் ஆடியவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுகிறவன் தவறவிட்டுத் தவறவிட்டுச் சீக்கிரமே திருந்திவிடுகிறான்.

தொட ஆசைப்படும் உடம்பு என்ன செய்கிறது என்று ஒருநாள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பியதுமே எடை முழுக்க முன்காலுக்குப் போய்விடும். தோள் திறந்துகொள்ளும். பந்து பாதி தூரம் வருவதற்குள் இரண்டு கையும் நீண்டுவிடும். அதற்குப் பிறகு பந்து வளைந்தாலும் சரி, வேகம் குறைந்தாலும் சரி, கையில் மிச்சம் எதுவுமே இருக்காது. மெதுவான பந்தில் அவுட் ஆவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

க்வின் செய்தது நேர் எதிர். பந்தை உள்ளே வரவிட்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அது தட்டுக்கு மேலே வரும்வரை கையைப் பின்னாலேயே வைத்திருந்து, கடைசி நேரத்தில் சின்னதாக ஒரு ஸ்விங். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் பந்து பேட்டரிடம் வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி. அதில் கண்ணுக்குக் கிடைக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வதுதான் அவருடைய வித்தை. அப்படித் தாமதமாகப் பட்ட பந்து இயல்பாகவே எதிர்ப்பக்கம், அதாவது இடது பக்கம் போகும். ஸ்கோர் புத்தகத்தில் மூன்றாம் பேஸ்மேனுக்கு எண் 5, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6. இருவருக்கும் நடுவிலிருந்த சந்துக்கு அவர் வைத்த பெயர் 5.5. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. தெரிந்தும் யாராலும் அடைக்க முடியவில்லை.

தாமதமாக அடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கணக்கு கொஞ்சம் பிசகி இன்னும் தாமதமானால் பந்து கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போகும். இரண்டு ஸ்ட்ரைக் இருந்தாலும் ஃபவுலுக்கு அவுட் இல்லை, பிழைத்துக்கொள்ளலாம். முந்திக்கொண்டு தொட்டவனுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. அவனுடைய பந்து பெரும்பாலும் கோட்டுக்கு உள்ளேயேதான் உருளும்.

அப்புறம் ஒரு எண்ணை யாரும் கவனிப்பதில்லை. 434 ஸ்ட்ரைக்அவுட் ஆனவர், அடிக்காமல் விட்டு வாக் வாங்கியது 790 தடவை. அதில் பிட்சர்கள் பயந்து வேண்டுமென்றே கொடுத்தவையும் நிறைய உண்டு என்றாலும், கண்டதையெல்லாம் துரத்தித் தொடுகிறவருக்கு இந்தக் கணக்கு வராது.

அந்தப் பையனை அடுத்த பயிற்சியில் பேட்டோடு நிற்க வைத்து, அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் வாயால் 'ஸ்ட்ரைக்', 'பால்' என்று மட்டும் சொல்ல வேண்டும். முகம் சுண்டிப்போய் நின்றான். அப்பா பக்கத்தில் வந்தார். "என்னண்ணா, அடிக்கவே விடாம நிக்க வெச்சிருக்கீங்க?" அவரையும் ஹெல்மெட் போட்டு நிற்கச் சொன்னேன். கேட்சர் கையுறைக்குள் பந்து விழுந்த பிறகும் அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் வேலிப் பக்கம் சத்தம் கொஞ்சம் குறைந்தது. பையன் மூன்றாவது வாரத்திலிருந்து கணுக்கால் பந்தை விட ஆரம்பித்தான்.

வீட்டில் பழக வேண்டுமென்றால் டீ ஸ்டாண்டை (பந்தை மேலே வைத்து அடிக்கும் கம்பம்) முன்காலுக்கு முன்னால் வைக்காதீர்கள். தட்டின் வெளி ஓரத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். இடது கைக்காரர்கள் 5.5 பக்கம் அடியுங்கள். வலது கைக்காரர்களுக்கு அது முதல் பேஸ்மேனுக்கும் இரண்டாம் பேஸ்மேனுக்கும் நடுவிலிருக்கும் சந்து. பந்து மெதுவாகப் போனால் பரவாயில்லை, தரையோடு தத்தாமல் நேராகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பன்ட்

பேட்டைச் சுழற்றாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவதுதான் பன்ட். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அது ஃபவுல் போனால் அவுட். செய்யாதீர்கள்.

எதிர்ப்பக்கமே கதி என்று கிடப்பது

மேலே சொன்னதைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒட்டி உள்ளே வரும் பந்தையும் எதிர்ப்பக்கம் தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. கை மடங்கி, பேட் கைப்பிடியில் பட்டு, விரல் விறுவிறுவென்று எரியும். க்வினுக்கே இந்தப் புத்திமதி தேவைப்பட்டது. 1992-இல் ஆல்-ஸ்டார் ஆட்டம் சான் டியேகோவில் நடந்தபோது பழைய பேட்டிங் மேதை டெட் வில்லியம்ஸ் அவரைப் பிடித்து, உள்ளே வரும் பந்தை ஏன் இழுத்து அடிக்க மாட்டேன் என்கிறாய் என்று குடைந்துவிட்டார். அதற்குள் நான்கு பட்டம் வாங்கியவர் க்வின். என்னைக் கேட்க நீ யார் என்று இருந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டார். 1994-இல் .394, ஆகஸ்டில் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சீசன் பாதியில் நின்றுபோகாமல் இருந்திருந்தால் .400 தொட்டிருப்பாரா என்று இன்னும் சண்டை போடுகிறோம். 1997-இல், 37 வயதில், சராசரி .372, 17 ஹோம் ரன், 119 ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்). ஒரு சீசனில் அவர் அடித்த அதிகபட்ச ஹோம் ரன் அதுதான்.

அவருடைய வீடியோவையே பார்த்துக்கொண்டிருப்பது

க்வின் யாருடைய வீடியோவைப் பார்த்தார்? தன்னுடையதை. 1983-இல் வெளியூர் ஆட்டங்களில் சரியாக அடிபடாமல் தவித்தபோது, தொலைக்காட்சியில் வருவதைப் பதிவு செய்து வைக்கும்படி மனைவி அலிஷாவிடம் சொன்னார். ஊர் திரும்பி அதைப் போட்டுப் பார்த்ததும் தப்பு கண்ணில் பட்டுவிட்டது. அதன் பிறகு போகுமிடமெல்லாம் வீடியோ இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். உடன் ஆடியவர்கள் கேப்டன் வீடியோ என்று கிண்டல் செய்தார்கள். இன்று அதே வேலையை ஒவ்வொரு அணியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டமே செய்கிறது.

உங்கள் பையில் போன் இருக்கிறது. வேலியில் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து உங்களை எடுங்கள். நன்றாகப் பட்டவற்றையும் எடுத்து வையுங்கள். தப்பானதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் சரியானது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகும்.

மெஷினில் மட்டும் பழகுவது

பந்து எறியும் மெஷின் ஏமாற்றாது. பிட்சர் ஏமாற்றுவான்.

ஸ்ட்ரைக்அவுட் ஆனதும் ஹெல்மெட்டை எறிவது

1986 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் பாப் வெல்ச், ஒரே ஆட்டத்தில் க்வினை மூன்று முறை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார். 20 சீசனில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான், ஆனாலும் நடந்தது. அந்த சீசனை .329 சராசரியோடு, 211 ஹிட்டோடு முடித்தார். எங்கள் மைதானத்தில் ஒருமுறை ஆகிவிட்டாலே அடுத்த வாரம் வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட் உடைந்தால் அணிப் பணத்திலிருந்து புதிது வாங்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

கன்னத்தில் அடக்கிக்கொள்வது

பழைய வீடியோவில் அவருடைய கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சில இளைஞர்கள் புகையிலை வாங்கி வருகிறார்கள். ஸ்டைலாம். க்வினுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. மெல்லும் புகையிலையால்தான் வந்தது என்று அவரே நம்பினார், வெளிப்படையாகச் சொன்னார். 2014 ஜூன் 16 அன்று, 54 வயதில் போய்விட்டார். 2016-இல் போட்ட ஒப்பந்தத்தில், மேஜர் லீகுக்குப் புதிதாக வரும் வீரர்கள் இதைத் தொடக் கூடாது என்று விதியே வைத்துவிட்டார்கள். எங்கள் டக்அவுட்டில், அதாவது வீரர்கள் உட்காரும் இடத்தில், அதைக் கண்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் சூரியகாந்தி விதை கொறியுங்கள், தோலைத் தரையில் துப்பினால் துடைப்பம் மூலையில் இருக்கிறது.