‘ஹனா-பி’ படத்தை முதல்முறை பார்ப்பது எப்படி

தகேஷி கிடானோ எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்த ‘ஹனா-பி’ 1997-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. தொடக்கத்தில் காலம் முன்னும் பின்னுமாகக் கலைந்து வருவதால், கதை பிடிபடாமல் பாதியில் நிறுத்திவிட வாய்ப்புண்டு. ஆகையால் சிலவற்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருங்கள். காவல் துப்பறிவாளரான நிஷியின் குழந்தை இறந்துவிட்டது. மனைவி மியுகிக்கு இரத்தப் புற்றுநோய். நிஷி மருத்துவமனைக்குச் சென்றிருந்த வேளையில் சக அதிகாரி ஹொரிபே சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் முடங்குகிறார். வணிக வளாகத்தில் நடக்கும் மற்றொரு துப்பாக்கிச் சூடு துண்டுதுண்டாகத் திரும்பத் திரும்ப வரும்போது, அது நிஷியின் நினைவில் ஓடுவது என்று கொள்ளுங்கள்.

ஜப்பானிய ஒலியுடனும் துணையுரைகளுடனும் (சப்டைட்டில்) பாருங்கள். மொழிமாற்றுக் குரல் இப்படத்தின் மௌனத்தைக் கெடுத்துவிடும். அந்த மௌனத்தில்தான் வன்முறையும் அன்பும் சொல்லப்படுகின்றன. அடி விழும் கணத்தைக் கிடானோ பெரும்பாலும் நீட்டிக் காட்டுவதில்லை. அசையாத முகம் ஒன்று தெரியும், உடனே காட்சி வெட்டப்படும், அடுத்து விளைவு மட்டும். விடுபட்ட இடத்தை நம் மனம் நிரப்பிக்கொள்வதால் வலி கூடுகிறது. ஏரிக்கரையில் வாடிய பூக்களுக்கு மியுகி நீர் ஊற்றும் காட்சியை மிகக் கவனமாகப் பாருங்கள். அவளைக் கேலி செய்த அந்நியனை நிஷி அடித்து நொறுக்குகிறார். மனைவியிடம் சொல்ல முடியாத அத்தனை பரிவும் அந்தக் கைகளில் கொடூரமாக வெளிப்படுவதால், அவர் பக்கம் நிற்கவும் முடியாமல், விலகவும் முடியாமல் நாம் தவிக்கிறோம். இப்படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஹொரிபே ஓவியம் வரையத் தொடங்கியதும் வேகம் தணியும், அங்கே அவசரப்படாதீர்கள். விலங்குகளின் தலையில் மலர் பூத்திருக்கும் அந்த ஓவியங்கள் யாவும், 1994-இல் மோட்டார் வாகன விபத்தில் பலத்த காயமடைந்த பின் கிடானோவே வரைந்தவை. அவருடைய முகத்தின் ஒரு பக்கம் சரியாக அசையாததும் அந்த விபத்தின் விளைவே. ஓர் ஓவியம் முழுவதும் ஜப்பானிய எழுத்துகளால் நிறைந்திருக்கும்: சிறியவை ‘பனி’, ‘ஒளி’, நடுவில் சிவப்பில் உள்ளவை ‘தற்கொலை’. துணையுரையில் இது விடுபட்டிருந்தால் காட்சியின் கனம் தவறிப்போகும்.

தலைப்பையும் மனத்தில் வையுங்கள். ‘ஹனாபி’ என்றால் வாணவேடிக்கை. ‘ஹனா’ மலர், ‘பி’ நெருப்பு. பூவாணம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். படப்பெயரில் கிடானோ நடுவே கோடிட்டு அவ்விரண்டையும் பிரித்துவைத்திருக்கிறார்.

முடிவை எங்கும் படித்துவிடாதீர்கள். படம் நெடுகப் பேசாதிருக்கும் மியுகி, கடற்கரையில் மிகச் சிறிதாக ஏதோ சொல்வாள். ஜோ ஹிசாய்ஷியின் இசைக்கிடையே அது காதில் விழ, அறையில் வேறு ஒலி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் கேமரா கடலை நோக்கித் திரும்பும். அப்போது செவியை மட்டும் நம்புங்கள்.