எலியும் கூகையும்: ஒரே ஓட்டத்தில் எல்லா விடையும் எடுப்பது எப்படி

செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிகளைக் கட்டுப்படுத்தத் தோட்டத்தில் கூகை (எலி பிடிக்கும் ஓர் ஆந்தை) கூடு கட்டப் பெட்டி நட்டு வைப்பார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போகும் நம் பிள்ளைகளுக்கு இரையும் வேட்டையாடியும் கூடிக் குறைவதைக் காட்டும் லோட்கா–வோல்ட்டெரா சமன்பாட்டைப் பழக இதைவிடக் கிட்டத்தில் வேறு உதாரணம் இல்லை.

எலி எண்ணிக்கை 'எ', கூகை எண்ணிக்கை 'கூ'. ′ குறி அது மாறும் வேகம். 'அ' எலி பெருகும் வீதம், 'இ' தின்ற எலியால் கூகை பெருகும் வீதம், 'ஈ' கூகை இறக்கும் வீதம்:

எ′ = அ·எ − ஆ·எ·கூ
கூ′ = இ·எ·கூ − ஈ·கூ

அ = 0.5, இ = 0.002, ஈ = 0.3 என்று வையுங்கள். காலம் மாதக் கணக்கு, 0 முதல் 120 வரை. தொடக்கத்தில் 100 எலி, 5 கூகை. வேட்டை வீதமான 'ஆ'வை 0.01 முதல் 0.05 வரை 200 மதிப்புகளாக மாற்றிப் பார்க்க வேண்டும். இவை பயிற்சிக்கான எண்கள், தோட்டத்தில் அளந்தவை அல்ல.

பலர் எலிக்கு ஒரு செயற்கூறு, கூகைக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்று, தின்ற எலிகளின் மொத்தத்துக்கு ஒன்று என்று எழுதி, ஒவ்வொன்றிலும் தீர்வியை (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலை) கூப்பிடுகிறார்கள். 200 ஓட்டத்தில் முடிய வேண்டியது 800 ஆகிவிடும். கூகையைக் கணிக்காமல் எலியைக் கணிக்கவே முடியாது, இரண்டும் சேர்ந்துதான் நகர்கின்றன. எனவே தீர்ப்பது ஓரிடம், விடையைப் படிப்பது வேறிடம் என்று பிரித்து வையுங்கள்.

பைத்தானில், அறிவியல் கணிப்புக்கான சைபை நூலகத்தின் 'சால்வ்_ஐவிபி' (solve_ivp) என்ற தீர்வி போதும். 'ஆ'வை 'ஆர்க்ஸ்' (args) வழியாக அனுப்புங்கள். ஒரே அளவுரு என்றாலும் அடைப்புக்குள் அதன் பின்னால் காற்புள்ளி வேண்டும், விட்டால் பிழை வரும். விடை வேண்டிய நேரங்களைக் கேட்கும் 't_எவால்' (t_eval) இடத்தில் அரை மாதத்துக்கு ஒன்றாக 241 புள்ளிகள் கொடுங்கள். திரும்பி வரும் அணியில் முதல் வரிசை எலி, இரண்டாவது கூகை. இடைப்பட்ட நேரங்களும் பிறகு தேவைப்படும் என்றால் 'டென்ஸ்_அவுட்புட்' (dense_output) போட்டுக்கொள்ளுங்கள்.

தின்ற எலிகளின் மொத்தத்துக்குத் தனியாகத் தொகையிட வேண்டாம். ம′ = ஆ·எ·கூ என்று மூன்றாவது சமன்பாடாகச் சேர்த்து, தொடக்க மதிப்பு 0 கொடுங்கள். அதே துல்லியத்தில், அதே ஓட்டத்தில் கிடைத்துவிடும். கூகையின் உச்சத்தையும் 241 புள்ளிகளில் தேடினால் சற்றுத் தள்ளித்தான் கிடைக்கும். 'இவெண்ட்ஸ்' (events) வழியாக எ − ஈ/இ என்ற சார்பு, அதாவது எ − 150, மேலிருந்து கீழாகச் சுழியை (0) கடக்கும் நேரத்தைக் கேளுங்கள், கடக்கும் திசையைச் சொல்லும் 'டைரக்ஷன்' (direction) −1. கூகை உச்சம் தொடுவது அங்கேதான்.

முடிவுகளை 200 × 3 × 241 அளவுள்ள அணியில் சேருங்கள். ஏறக்குறைய 1.2 எம்பிதான், பழைய மடிக்கணினியும் தாங்கும். அணியை முதலில் 'நேன்' (NaN, எண் இல்லை என்ற குறி) மதிப்பால் நிரப்பி, ஓட்டம் முடிந்ததைச் சொல்லும் 'சக்சஸ்' (success) உண்மையாக வந்த ஓட்டத்தை மட்டும் எழுதுங்கள். பாதியில் நின்ற ஓட்டம் குறைவான புள்ளிகளோடு வரும், அதையும் எழுதப் போனால் அளவு பொருந்தாமல் நிரல் அங்கேயே முறியும்.

துல்லியத்தில்தான் அதிகம் கவனம் வேண்டும். அனுமதிக்கும் சார்புப் பிழையான 'ஆர்டால்' (rtol) சைபையில் இயல்பாக 0.001. இந்தச் சமன்பாட்டின் பாதை மூடிய வளையம், ஆனால் அந்தத் தளர்வில் வளையம் மூடாமல் சுற்றுக்குச் சுற்று விலகும். 'ஆர்டால்' 10⁻⁸, தனிப் பிழை வரம்பான 'ஏடால்' (atol) 10⁻¹⁰ என்று இறுக்குங்கள். சரிபார்க்க நல்ல வழி உண்டு: இ·எ − ஈ·இயல்மடக்கை(எ) + ஆ·கூ − அ·இயல்மடக்கை(கூ) என்பதை எல்லாப் புள்ளியிலும் கணியுங்கள். அது மாறாமல் இருக்க வேண்டும். 'ஆ'வைச் சற்று மாற்றி, இரு விடைகளையும் கழித்து உணர்திறன் ('ஆ' மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பது) காண்பவர்களுக்கு இந்த இறுக்கம் இன்னும் முக்கியம். மாற்றம் மிகச் சிறியதென்றால் கிடைக்கும் எண் முழுக்கத் தீர்வியின் பிழையாகவே இருக்கும்.

200 மதிப்புகளையும் 600 மாறிகள் கொண்ட ஒரே தொகுதியாக அடுக்கித் தீர்த்தால் பைத்தானில் வேகம் கூடும். ஆனால் அப்போது தீர்வி பார்க்கும் பிழை அளவு எல்லா மாறிகளின் பிழைகளுக்கும் சேர்த்து எடுத்த சராசரி வர்க்க மூலம். ஒரே ஒரு 'ஆ' மோசமாகப் போனாலும் மற்றவற்றுக்குள் மறைந்துவிடும், ஆகவே மேலே சொன்ன மாறாத அளவை 200-க்கும் தனித்தனியே பாருங்கள். அடுக்கிய தொகுதிக்கு 'ரடாவ்' (Radau), 'பிடிஎஃப்' (BDF) என்ற தீர்வு முறைகளை எடுப்பவர்கள், எந்த மாறி எதைச் சார்ந்தது என்று காட்டும் 'ஜாக்_ஸ்பார்சிட்டி' (jac_sparsity) கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலும் சுழிகளான 600 × 600 அணியை முழுதாகத் தீர்ப்பதிலேயே நேரம் போய்விடும்.