மங்கூ முதல் கொன்கொன் வரை: டொமினிக்கன் சமையலில் கை தவறும் இடங்கள்

கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் காலைச் சாப்பாடு என்றால் மங்கூதான். பச்சை வாழைக்காயை உப்புத் தண்ணீரில் வேகவைத்து மசிப்பது, அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் முதல் முறை கோட்டைவிட்டேன். காய் வெந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். திரும்பி வந்து மசித்தால் கட்டி கட்டியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டியை நட்டால் நிற்கும்போல் இறுகிவிட்டது.

வாழைக்காயின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும். அதனால் வெந்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு, ஆவி பறக்கும்போதே வெண்ணெய் போட்டு, அந்தத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி மசியுங்கள். ‘ஐயோ, தளர்ந்துபோச்சே’ என்று தோன்றும் பதத்தில் நிறுத்தினால், தட்டுக்குப் போவதற்குள் சரியாகிவிடும். காயில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தாலும் இனிப்பு எட்டிப்பார்க்கும். நம் கடைகளில் கிடைப்பதில் மொந்தனைவிட நேந்திரன் காய்தான் அவர்களுடைய வாழைக்காய்க்கு நெருங்கிய சொந்தம்.

மேலே போடும் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குவது நம் கைப்பழக்கம். இங்கே வேண்டாம். சிவப்பு வெங்காயத்தை மெலிதாக வளையம் வெட்டி, கொஞ்சம் எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி, வினிகர் விட்டு இறக்க வேண்டும். கடித்தால் நறுக்கென்று இருக்கணும். மங்கூவோடு பொரித்த சலாமி (தொத்திறைச்சி வகை), பொரித்த சீஸ், முட்டை மூன்றும் சேர்ந்தால் ‘லோஸ் த்ரெஸ் கோல்பெஸ்’, அதாவது மூன்று குத்து. இத்தாலிய உலர் சலாமியைப் பொரித்தால் உப்புக் கரிக்கும். அவர்களுடையது வேகவைத்த வகை. சீஸும் உருகாததாக இருக்க வேண்டும். மொசரெல்லா சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு உப்புத் தூவிய பனீரே மேல்.

மதியத்துக்குச் சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, கறி. இந்தக் கூட்டணிக்கு ‘லா பந்தேரா’, கொடி என்று பேர். குழம்பைக் கெட்டியாக்கச் சோளமாவு கரைக்காதீர்கள். பீன்ஸோடு பரங்கிக்காய்த் துண்டுகளை வேகவிட்டு மசித்தால் போதும். மிளகாய்த்தூள் டப்பாவையும் எட்ட வையுங்கள். பூண்டு, ஆரிகானோ, கொத்தமல்லித்தழை, எலுமிச்சை, இவைதான் வாசனை. காரம் அவர்கள் சமையலில் பெரிதாகக் கிடையாது.

கோழிக்கறியில்தான் பலர் பயப்படுகிறார்கள். காய்ந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டு, அது உருகிப் பழுப்பானதும் கறியைப் போட வேண்டும். நிறம் அதிலிருந்துதான் வருகிறது. கறுக்கவிட்டால் குழம்பே கசக்கும், கழுவிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஊறவைத்த மசாலா நீரைக் கறியிலிருந்து வடித்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். வடித்த நீரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சோறு. நான்ஸ்டிக் பாத்திரமும், அடிக்கடி கிளறும் கையும் இதைக் கெடுத்துவிடும். கனமான அலுமினியச் சட்டியில் எண்ணெய், உப்பு, தண்ணீர் கொதித்ததும் அரிசி. தண்ணீர் வற்றியதும் மூடி, தீயைக் குறைத்து, நடுவில் ஒரே ஒரு முறை புரட்டி, ஓரத்தில் எண்ணெய் விட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். அடியில் பொன்னிறத்தில் மொறுமொறுவென்று ஒட்டியிருப்பதுதான் கொன்கொன். நாம் தண்ணீர் ஊற்றி ஊறப்போடும் காந்தலை அங்கே சுரண்டியெடுத்து, பீன்ஸ் குழம்பை ஊற்றி, யாருக்கு எவ்வளவு என்று பங்கு வைப்பார்கள்.